ஓய்வுபெற்ற கமராக்காரருக்கு, பெரியமடுவிலிருந்து



அறுபது வயதில் அரச சேவையை விட்டு இறங்கி, பணிக்கொடையில் ஒரு பங்கைக் கமராவுக்கும் நீண்ட லென்ஸுக்கும் கொடுத்து, விடியுமுன் மன்னாரின் தள்ளாடித் தாம்போதியிலும் வங்காலைச் சேற்றுவெளியிலும் கட்டுக்கரைக் குளக்கட்டிலும் போய் நிற்கிற ஆசிரியர்கள், தாதியர், எழுதுவினைஞர்கள், வங்கி ஊழியர்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். மாரியில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஊர் பார்க்க வந்து, இரண்டு கிழமைக்குள் பூநாரையையும் யானையையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிட நினைக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். நாற்பது ஆண்டுகள் அடுத்தவர் குறித்த நேரத்துக்கு எழும்பிய நீங்கள் இப்போது ஒரு பறவைக்காக எழும்புகிறீர்கள். அதை மிகவும் மதிக்கிறேன். மதிப்பதால்தான் இந்த வேண்டுகோளை வைக்கத் துணிகிறேன். அருகிவரும் உயிரினத்தைத் தேடி இடம் இடமாக ஓடுவதைக் குறையுங்கள். வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு குளத்தையோ களப்போரத்தையோ தெரிந்தெடுத்து, அதையே ஆண்டுக்கணக்காகப் படமெடுங்கள். உங்கள் ஈடுபாட்டால் அந்த உயிர்களுக்கு நன்மை விளையும் என்றால், பெரும்பாலும் அது இந்த வழியில்தான் விளையும்.

நம் கரையின் பெரிய குறை, அதற்கு நீண்ட பதிவு இல்லாதது. போர் நடந்த கால் நூற்றாண்டில் மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்கும் முசலியும் ஆய்வாளரோ படப்பிடிப்பாளரோ எளிதில் வந்துபோகக்கூடிய இடங்களாக இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது பெரியமடு மக்களும் போனார்கள். 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் வயலில் காடு நிற்பதைக் கண்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் குளத்தில் எந்தப் பறவை இறங்கியது, யானை எந்த வழியால் வந்து தண்ணீர் குடித்தது, கண்டல் எதுவரை வளர்ந்தது என்று ஆண்டுவாரியாகக் காட்டும் படத்தொகுப்பு எதுவும் நம்மிடம் இல்லை. மனிதர் தம் வீடு இருந்த இடத்தை நிறுவ உறுதியும் பற்றுச்சீட்டும் தேடி அலைந்ததை இந்த மாவட்டம் பார்த்தது. பறவைக்கும் விலங்குக்கும் உறுதி இல்லை. அவை இங்கே வாழ்ந்தன என்பதற்கு யாரோ ஒருவர் திகதியோடு வைத்திருக்கும் குறிப்பும் படமும்தான் சாட்சி.

அந்தச் சாட்சி எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதை அண்மைய ஆண்டுகள் காட்டிவிட்டன. விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடம் 2016இல் 29,180 ஹெக்டேயர் பரப்போடு அறிவிக்கப்பட்டது. கண்டல், கடற்புல், உவர்ச்சேறு, பவளப்பார் எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடம் அது. 2024 மே மாதம் வந்த வர்த்தமானி, நீருயிர் வளர்ப்புக்காக அதிலிருந்து 168 ஹெக்டேயரை வெட்டி எடுத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், வர்த்தமானி இடைநிறுத்தப்பட்டது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் முப்பது கோபுரங்களைப் பற்றியும் விவாதம் எழுந்தது. அவற்றுக்கு அப்பால் அதானி நிறுவனம் திட்டமிட்டு, 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்ட இரண்டாவது காற்றாலையைப் பற்றியும் அப்படித்தான். இந்தக் காற்றாலை விவாதங்களில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி ஒன்று: இந்த வழியால் எத்தனை பறவைகள், எந்த மாதத்தில், எந்த உயரத்தில் பறக்கின்றன? ஒரு திட்டத்துக்கான சுற்றாடல் அறிக்கையை எழுதுபவர்கள் ஒரு பருவமோ இரண்டு பருவமோ பார்க்கிறார்கள். வரட்சி ஆண்டில் பார்த்தால் ஒரு கணக்கு, நல்ல மாரியில் பார்த்தால் வேறு கணக்கு. பத்துப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தவர்தான் இரண்டுக்கும் நடுவிலுள்ள உண்மையைச் சொல்ல முடியும். பல்கலைக்கழக மாணவருக்கு அவ்வளவு காலம் கிடையாது. நிதி தரும் நிறுவனத்துக்குப் பொறுமை கிடையாது. திணைக்கள அதிகாரி இடமாற்றத்தில் போய்விடுவார். ஓய்வு பெற்று ஊரோடு இருப்பவருக்கு மட்டும் அந்தக் காலம் இருக்கிறது. உங்கள் கையிலுள்ள விலையுயர்ந்த பொருள் லென்ஸ் என்று நினைக்காதீர்கள். லென்ஸைக் காசால் வாங்கலாம், காலத்தை வாங்க முடியாது.

துறைசாராதவரின் குறிப்பு காலம் கடந்து பயன்படுவது நம் கரைக்குப் புதிதல்ல. 1845இலிருந்து 1850வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் நிர்வாகி, விலங்கியலாளர் அல்லர். 1847இல் மன்னாரில் கொல்லப்பட்டுக் கொழும்பிலிருந்த அவருக்கு அனுப்பப்பட்ட கடற்பசு ஏழடிக்கு மேல் நீளம் என்று எழுதிவைத்தார். கற்பிட்டிக் கடலிலிருந்து இராமர் அணைவரை அவை ஏராளம் என்றும் 1861இல் வெளியான தம் நூலில் பதிந்தார். இன்று அந்த உயிரை ஒருமுறை காண்பதே செய்தியாகிவிட்ட காலத்தில், எதை இழந்தோம் என்று அளக்க அந்த ஓரிரு வரிகள் கைகொடுக்கின்றன. துறைக்குள் இருந்தவரும் உண்டு. கொழும்பு அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து 1946இல் ஓய்வுபெற்ற ஜி. எம். ஹென்றியின் இலங்கைப் பறவைகள் வழிகாட்டி 1955இல் வந்தது; அதுவரை சேர்த்த கோட்டோவியங்களையும் குறிப்புகளையும் நூலாக்க ஓய்வுக்காலமே அவருக்கு இடம் தந்தது. தமிழகத்தின் மா. கிருஷ்ணன் 1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் கண்மூடும்வரை எழுதினார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அவருடைய படங்களின் பெறுமதி, ஒரே காடுகளுக்கு மீண்டும் மீண்டும் போன கண்ணிலிருந்து வந்தது. இந்த மூவரும் வேறு வேறு மனிதர்கள், வேறு வேறு காலம். ஆனால் மூவரின் பதிவும் நிலைத்ததற்குக் காரணம் அது இடம் காலம் குறித்து இருந்ததே.

இந்த இடத்தில் உங்களில் பலர் கேட்கக்கூடியது தெரியும். "ஒரே குளத்தையே எடுத்துக்கொண்டிருந்தால் அரியதை எப்போது காண்பது?" அரியதைக் காண்பதற்கான வழியும் அதுவே என்கிறேன். கரண்டிமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். உலகில் சில நூறே எஞ்சியிருக்கும் பறவை அது. ரஷ்யாவின் தூரகிழக்குக் கரையில் குஞ்சு பொரித்துத் தெற்கே வருவது. நாற்பது ஆண்டுகள் இலங்கையில் காணப்படாமலிருந்து 2019இல் மன்னாரில் தென்பட்டது. குருவியளவே உடம்பு, குளிர்காலச் சிறகில் மற்றச் சிறு உள்ளான்களிலிருந்து பிரித்தறியக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அலகின் நுனியைத் தவிர. ஆயிரம் சாதாரண உள்ளான்களைச் சலிக்காமல் ஒவ்வொன்றாகப் பார்க்கிற ஒருவருக்குத்தான் ஆயிரத்தோராவது வித்தியாசமானது என்று தெரியும். அதே பொறுமை இன்னொன்றையும் தரும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையம் இட்டு வருகிறார்கள். காலில் வண்ணக் கொடியோ எழுத்திட்ட வளையமோ உள்ள ஒரு பறவை வங்காலைச் சேற்றில் நிற்கும்போது, அந்தக் காலைத் தெளிவாகக் காட்டும் மங்கலான படம், அதன் கண்ணின் ஒளியைப் பிடித்த அழகிய படத்தைவிட நூறு மடங்கு பெறுமதியுடையது. அதற்கு எங்கே, எப்போது வளையம் இடப்பட்டது, குறைந்தது எத்தனை வயது என்றெல்லாம் அந்த அடையாளத்தைக் கொண்டு அறியலாம்.

கடற்பசுவின் கதை இதைவிட அழுத்தமானது. ஆவுளியா என்று அக்கரையில் சொல்லப்படும் இந்த விலங்கு எழுபது ஆண்டுவரை வாழக்கூடியது. ஓராண்டுக்கு மேல் சூல் சுமந்து ஒரே கன்று ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை செல்லும். அதனால் வலையில் சிக்கியோ டைனமைட்டிலோ ஒரு தாய் செத்தால், அந்த இழப்பு ஈடாக ஒரு தலைமுறை வேண்டும். அக்கரையில் தமிழ்நாடு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென ஒதுக்கியது. இவ்வளவு அருகிய உயிரை நம் கலங்கிய கடலில் உயிரோடு படமெடுப்பவர் மிகச் சிலராகவே இருப்பர். படகு அமர்த்தித் துரத்தினால் கிடைப்பது கலைந்த தண்ணீர். ஆனால் அது மேய்ந்த கடற்புல் தரையில் கோடு கோடாகத் தடம் விட்டுச் செல்லும். ஆழம் குறைந்த இடங்களில் கடல் வற்றும் நேரத்தில் அத்தடங்களைப் பார்க்க வாய்ப்புண்டு. புல் எங்கே அடர்த்தி, எங்கே இழுவைமடி கிழித்துப் போட்டது, எந்த மாதம் மேய்ச்சல் தடம் தெரிந்தது என்று மீனவரிடம் கேட்டு, ஆண்டுதோறும் அதே இடத்தை எடுத்துவரும் படங்கள் பார்க்க அழகற்றவை. சட்டம் போட்டு மாட்டமாட்டீர்கள். ஆனால் மன்னார்க் கடலில் ஆவுளியா பிழைப்பதும் அழிவதும் அந்தப் புல்லோடுதான்.

எதிர்க்கருத்துகளுக்கு வருகிறேன். "வாழ்நாள் முழுக்கக் கடமை செய்தோம், இப்போதும் கடமையா? இது எங்கள் மகிழ்ச்சி" என்ற வாதத்தை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் இருவரோ ஒருவரோ என்று ஆகிவிட்ட முதுமையில், நாளை விடிய எழும்ப ஒரு காரணம் இருப்பது பெரிய கொடை. ஆனால் மகிழ்ச்சி எதில் நீடிக்கிறது என்றும் பார்க்கவேண்டும். அரிய படத்தைத் துரத்துபவருக்குச் செலவு ஏறிக்கொண்டே போகும். இன்று வில்பத்துச் சிறுத்தை, நாளை வேறொரு நாடு. முழங்கால் நோகத் தொடங்கும்போது அந்த ஓட்டம் நின்றுவிடும். ஒரு குளத்தைத் தெரிந்தெடுத்தவருக்கு எண்பது வயதிலும் வேலை இருக்கும். முதல் ஊசிவால் வாத்து எந்தக் கிழமை இறங்கும், வான் பாய்ந்தபின் எந்தத் திட்டில் கருவால் மூக்கன்கள் கூடும் என்று எதிர்பார்த்துப் போவதும், எதிர்பார்த்தது வருவதும், வராமல் போவதும் அவருக்கு ஒரு கதையின் அடுத்த அத்தியாயம்போல ஆகும். செலவும் குறைவு. ஓய்வூதியத்தில் இலட்சக்கணக்கில் லென்ஸ் வாங்க முடியாத பெரும்பான்மையினரும் கைப்பேசியோடு இதைச் செய்யலாம் என்பது எனக்கு முக்கியமான காரணம்.

"இழுவைமடியும் காற்றாடிக் கோபுரமும் செய்யும் அழிவோடு ஒப்பிட்டால், கமராவோடு நிற்கும் ஒரு கிழவன் கிழவியால் என்ன கெட்டுவிடும்?" இது நியாயமான கேள்வி. அளவில் அவற்றுக்கு நாம் ஈடல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பறவையின் கணக்கு வேறு. மன்னாருக்கு வரும் பல பறவைகள் முப்பது நாடுகளைத் தொடும் மத்திய ஆசியப் பறப்புவழியில் வருகின்றன. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஜீபிஎஸ் கருவி பொருத்திய மேகா என்ற கடற்காகம் ஆர்க்டிக் பகுதியின் யமால் தீபகற்பம்வரை போய், அதே ஆண்டு திரும்பி வந்தது. போய்வந்த தூரம் ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர். அப்படிப்பட்ட பயணத்துக்குக் கட்டுச்சோறு உடம்பிலேயே கொழுப்பாகச் சேரவேண்டும். அது சேரும் மாதங்கள் தையிலிருந்து பங்குனிவரை. நமக்கு வெளிச்சம் நன்றாக இருப்பதும், கொழும்பு வாகனங்கள் தாம்போதியில் வரிசையாக நிற்பதும் அதே மாதங்கள். பூநாரைக் கூட்டம் சேர்ந்தெழும்போது சிறகின் சிவப்பு வானில் விரியும், அந்தப் படத்துக்காக ஒருவர் சேற்றில் இறங்கி நடக்கிறார், இன்னொருவர் ட்ரோனை அனுப்புகிறார், மூன்றாமவர் கைதட்டுகிறார். ஒரு தடவை எழுந்தமர்வதால் எதுவும் சாகாது. ஒரு நாளில் பத்துத் தடவை, ஒரு பருவத்தில் நூறு நாள் என்றால் அந்தக் கணக்கு வேறு. மேலும், இழுவைமடிக்காரருக்கும் கோபுரம் நாட்டுபவருக்கும் எதிராகப் பேசவேண்டியவர்கள் நாம். வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு 2010இல் ராம்சர் ஈரநிலமானது. அதற்குள் பறவையைக் கலைத்தவருடைய சொல் விசாரணையில் எடுபடாது. தாம்போதியின் ஓரமே சரணாலயம். வாகனத்தை நிறுத்தி, கதவைத் திறக்காமல், கண்ணாடியை இறக்கி எடுத்தால் பறவை அஞ்சாது. வாகனமே நல்ல மறைவிடம்.

இன்னொரு வாதம், படத்தைப் பரப்பினால் மக்களுக்குப் பற்று வரும் என்பது. பற்று வரும், மறுக்கவில்லை. எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் சேர்த்துப் பரப்பும்போதுதான் தொல்லை. ஆலாக்கள் மணற்றிட்டில் முட்டையிடும்போது கூடு என்று தனியாக ஒன்று இல்லை. மணலில் சிறு குழி. பார்க்கவரும் பத்துப் பேரில் ஒருவரின் கால் போதும். தாய்ப்பறவை எழுந்து நிற்கும் அரைமணியில் நம் வெயில் முட்டையை வேகவைத்துவிடும். ஆகவே கூடு, குஞ்சு, யானை நீர் குடிக்க இறங்கும் துறை, கடற்பசு தென்பட்ட புள்ளி ஆகியவற்றின் இடக்குறியைப் பொதுவில் போடவேண்டாம். படம் மூன்று மாதம் கழித்து வெளிவந்தாலும் அழகு குறையாது. சரியான இடத்தையும் திகதியையும் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ கொடுத்துவையுங்கள்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்ப்பு ஊரவரிடமிருந்து வருகிறது. அதை ஒதுக்கிவிட்டு இந்த மாவட்டத்தில் காட்டுயிர் பற்றிப் பேச எவருக்கும் உரிமை இல்லை. 2012இல் முசலியின் மறிச்சுக்கட்டிப் பக்கமும் 2017இல் மாவில்லுப் பக்கமும் நிலம் காடு என்று வர்த்தமானியில் வந்தது. இருபது ஆண்டு அகதியாக இருந்து திரும்பியவர்கள் தம் பழைய ஊர் வரைபடத்தில் காடாகிவிட்டதைப் பார்த்தார்கள். அந்தக் காயம் இருக்கும் இடத்தில் கமராவோடு வந்து யானையைப் படமெடுப்பவரை, "இவர் எங்கள் காணியைப் பறிக்க ஆதாரம் தேடுகிறார்" என்று சந்தேகிப்பது இயல்பு. நாடு முழுவதும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான யானைகளும் நூறுக்கு மேற்பட்ட மனிதரும் மோதலில் சாகும் காலம் இது. நெல் மூட்டையை இழந்தவருக்கு யானை அருகிவரும் உயிரினம் என்று விளக்கும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் தொடர்பதிவு அவருக்கும் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன். யானை எந்த மாதம், எந்தப் பாதையால், எத்தனை தடவை வருகிறது என்ற பத்தாண்டுப் படத்தொகுப்பு இருந்தால், மின்வேலி எங்கே வேண்டும், எங்கே வேண்டாம், நட்டஈடு யாருக்கு என்று பிரதேச செயலகத்தில் ஊரவர் ஆதாரத்தோடு பேசலாம். உழுத வயலும் மேய்ந்த மாடும் நின்ற மனிதரும் அதே படங்களில் இருப்பதால், இந்த நிலத்தில் மக்களும் விலங்கும் சேர்ந்தே இருந்தார்கள் என்பதற்கும் அவை சாட்சியாகும். ஆகவே படச்சட்டத்துக்குள் மனிதர் வந்துவிட்டால் படம் கெட்டது என்று வெட்டி எறியவேண்டாம். யாருடைய வயல் வரம்பில் நிற்கிறீர்களோ அவரிடம் கேட்டு நில்லுங்கள். எடுத்ததை அவருக்குக் காட்டுங்கள்.

முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் இரண்டு தடவை, அதே இடம், ஏறக்குறைய அதே நேரம். முதலில் இடத்தின் அகலப் படம் ஒன்று, தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று தெரியும்படி. பிறகு உள்ள பறவையும் விலங்கும். கமராவில் திகதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் வராத நாளையும் குறியுங்கள், ஏனெனில் வராதது எப்போது வராமல் போனது என்பதே பின்னால் பெரிய செய்தியாக இருக்கும். இரண்டு வன்தட்டில் பிரதி வைத்து, ஒன்றை உங்களுக்குப் பின் எடுத்து நடத்தக்கூடிய ஓர் இளையவரிடம் கொடுத்துவையுங்கள். பள்ளிக்கூடத்தில் நீங்கள் படிப்பித்த ஒருவர் அதற்குக் கிடைப்பார்.

பெரியமடுக் குளத்துக்கு இப்படியொருவர் வேண்டும். மேற்கே விடத்தல்தீவுக் களப்பு, கிழக்கே வன்னிக் காடு. கரைப்பறவையும் காட்டு விலங்கும் ஒரே தண்ணீருக்கு வரக்கூடிய நிலம். துருசடியில் நின்றால் அலைகரை முழுவதும் ஒரே சட்டத்துக்குள் வரும். புரட்டாசி முடியுமுன், மழைக்கு முன்னால், தண்ணீர் வற்றி வெடித்துக் கிடக்கும் அந்த வெறுந்தரையைத்தான் முதற்படமாக எடுக்கவேண்டும்.

அன்புடன்,
பெரியமடுவிலிருந்து உங்களில் ஒருவர்